சீரகக் கஞ்சி

தருமனுக்குக் காய்ச்சல் வந்தது எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில். அந்த மழையில் ஆரணியில் எங்கள் நெசவுத் தெருவில் காய்ச்சல் வராத வீடு எது என்று கேட்டால்தான் சுலபமாகப் பதில் சொல்லலாம். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதைத்தான் குடித்தோம், வேறு எதைக் குடிப்பது? தறிக்குழிகளில் ஊற்றெடுத்துக் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது. பாவு, அதாவது சேலையின் நீளவாக்கில் ஓடுகிற இழை, போட வழியில்லை. வெயிலில்லாமல் தெருவில் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டால் காயாமல் புளித்துப்போகும். தை மாதக் கல்யாணத்துக்குச் சேலை வேண்டும் என்று முதலாளிகள் மட்டும் குடை பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

தருமன் என் பக்கத்து வீட்டுக்காரன். வயது நாற்பதைத் தொடவில்லை, பிடிவாதம் எழுபதைத் தாண்டியிருந்தது. காய்ச்சலோடு தறியில் உட்காராதே என்று நானும் சொன்னேன், அவன் பெண்சாதி பாஞ்சாலையும் சொன்னாள். கம்பவுண்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டுக் குழிக்குள் காலை விட்டுக்கொண்டான். நெய்த சேலையைச் சுருட்டுகிற மரம் தறிக்காரன் வயிற்றை ஒட்டியேதான் இருக்கும். எட்டி நெய்யும்போதெல்லாம் வயிறு அதில் பதியும். பதியும்போதெல்லாம் சுருக்கென்று வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே நெய்தான். ஒருநாள் காலை பலகையை இழுத்து அடித்தவன் அப்படியே மரத்தின்மேல் கவிழ்ந்துவிட்டான். ஓடிப்போய்த் தூக்கினோம். வயிறு கல்லாக இருந்தது, தொட்டால் அலறினான்.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் அவன் அக்கா ரங்கம்மாள். சின்ன வயதில் தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பியைத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவள் என்று தெருவே சொல்லும், தெரு சொல்லாவிட்டால் அவளே சொல்லுவாள். அவள்தான் சத்தம் போட்டு வாடகைக் காரைப் பிடித்தாள். பிள்ளைகள் இரண்டையும் என் வீட்டில் விட்டுவிட்டு, தருமனைப் பின் சீட்டில் படுக்கவைத்து, வேலூர் ரோட்டில் கண்ணமங்கலம் தாண்டிக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக மழை. கார் குழியில் இறங்கும்போதெல்லாம் அவன் கத்த, பாஞ்சாலை அவன் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டு தானும் கத்தினாள். டிரைவர் பாவம், நடுங்கிப்போனான்.

அங்கே ஆபரேஷன் டாக்டர் சிங்கராயர். ஒல்லியான ஆள், வயது ஐம்பது இருக்கும். பிறந்தது எங்கள் ஜில்லாவிலேயே சேத்துப்பட்டுப் பக்கம் ஏதோ கிராமம். மற்ற நேரம் படித்தவர்கள் பேசுகிற தமிழ் பேசுவார், அலுப்பு வந்தால் எங்கள் பேச்சு வந்துவிடும். வயிற்றை அமுக்கிப் பார்த்தவர் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே தியேட்டருக்குள் தள்ளச் சொன்னார். சாயங்காலம் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டைபாய்டு காச்சல் முத்தி குடல்ல ஓட்ட உழுந்துபோச்சி. கெட்டுப்போன பாகத்த வெட்டி எடுத்துட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேத்து தெச்சிருக்கேன். அந்தத் தையல் ஒட்டணும். ஒட்டற வரைக்கும் கண்டம்தான். கசிஞ்சுதுனா உள்ள பூரா வெஷமாயிடும்" என்றார்.

  என்ன நூலில் தைத்தீர்கள் என்று ரங்கம்மாள் கேட்டாள். தெருவில் வேறு யார் போயிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். டாக்டர் அவ்வளவு களைப்பிலும் சிரித்துவிட்டார்.

"பட்டு நூலுதாம்மா. உங்க ஊரு நூலேதான்னு வெச்சிக்கோ" என்றார்.

பயந்துபோன பொம்பளைகளுக்குத் தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். வந்த வினை எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது.

பட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேலையாகப் பார்க்கும்போது அது பளபளவென்று உறுதியாக இருக்கும். பாவாகத் தெருவில் இழுத்துக் கட்டும்போது பார்க்க வேண்டும், பஞ்சாகப் பிசிறிக்கொண்டு நிற்கும். அந்தப் பிசிறெல்லாம் படிய அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி, வடிகட்டி, பாவு முழுக்கத் தடவி, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவார்கள். கஞ்சி குடித்த பாவுதான் தறியில் நிற்கும். குடிக்காத பாவை ஏற்றினால் நாலு அடிக்கு ஓர் இழை அறும். பாஞ்சாலை கஞ்சி போட்ட பாவு என்றால் தெருவில் ஒரு மதிப்பு உண்டு. பிறந்த வீட்டிலிருந்தே அவளுக்கு அந்த வேலைதான்.

நான் அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் பாஞ்சாலையே பின்னால் என் வீட்டுக்காரியிடம் உட்கார்ந்து சொன்னது. பாதி அழுதுகொண்டு சொன்னது.

தருமன் மூக்கில் ஒரு குழாய், வயிற்றுப் பக்கவாட்டில் ஓட்டை போட்டு உள்ளிருப்பது வடிய ஒரு ரப்பர் குழாய், கை நரம்பில் பாட்டில் தண்ணீர் என்று கிடந்தான். வாயில் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். தினம் காலை சகாயமேரி என்கிற நர்ஸ் வந்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பாள். தருமனுக்கு உயிர் போகிற வலியிலும் வெட்கம். அடுத்த கட்டிலில் வெம்பாக்கத்து ஆள் ஒருவன், பெயர் ஏசுதாஸ், குடலிறக்க ஆபரேஷன் ஆனவன், தருமனுக்குப் பதிலாக அவன் "இன்னும் இல்ல சிஸ்டர்" என்று சொல்லுவான். ஒருநாள் மத்தியானம் அது நடந்தே விட்டது. வார்டு முழுக்கச் சிரித்தது. ஏசுதாஸின் அம்மா எழுந்து வந்து பாஞ்சாலையின் கன்னத்தை வழித்து, ஆம்பளப் புள்ள பிறந்த மாதிரி சந்தோஷப்பட்டாள்.

டாக்டர் மூக்குக் குழாயை எடுக்கச் சொன்னார். ஸ்பூனில் தண்ணீர் மட்டும், நான் சொல்கிற வரைக்கும் வேறு ஒன்றும் வாயில் போகக் கூடாது என்று இரண்டு பொம்பளைகளையும் பார்த்து விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னால் கேட்கிற தெருவா எங்கள் தெரு?

ரங்கம்மாள் அன்றைக்கே ஆரணிக்கு வந்தாள். புது அரிசி நொய்யைக் கழுவிக் குழையக் காய்ச்சி, சீரகத்தைத் தட்டிப் போட்டு, உப்புக்கல் போட்டு, தூக்கில் ஊற்றிப் பழந்துணியால் சுற்றிக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸுக்கே போய் இறங்கினாள். வார்டுக்கு வெளியே பாஞ்சாலையைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தாள்.

"அண்ணி, தண்ணி மட்டுந்தான்னு சொல்லிக்கீறாரே" என்றாள் பாஞ்சாலை.

"கஞ்சியில முக்காவாசி தண்ணிதானே. பட்டு நூல்ல தெச்சேன்னு அவுரு வாயாலயே சொன்னாரா இல்லியா? நீ எத்தினி பாவுக்குக் கஞ்சி போட்டிருப்ப. கஞ்சி குடிக்காத பாவ தறியில ஏத்துனா இன்னா ஆவும்?"

"அறும்."

"அப்போ இங்க மட்டும் அறாதா? வெறும் நூலு எத்தினி நாளைக்கு நிக்கும்? டாக்டருக்கு அறுக்கத் தெரியும், தெக்கத் தெரியும். பட்டப் பத்தி நம்மளுக்குத்தான் தெரியும்."

பாஞ்சாலைக்கும் அது சரி என்றே பட்டது. நாத்தனார் மிரட்டியதால் கொடுத்தேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மத்தியான ஜெபத்துக்கு மணி அடிக்கும், நர்சுகள் எல்லாரும் கோயிலுக்குப் போவார்கள். அந்த நேரம் பார்த்து அவன் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தருமன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தவன், நாக்கால் மேலுதட்டை வழித்துக்கொண்டு, "உசுரு வந்த மாரி கீதுமே" என்றான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் தனக்கு வந்ததில்லை என்று பாஞ்சாலை சொன்னாள். அடுத்த நாளும் அந்த மணிக்காகக் காத்திருந்தாள். அதற்கு அடுத்த நாளும் ரங்கம்மாள் தூக்கோடு வந்தாள்.

அப்புறம் காய்ச்சல் திரும்பியது. வயிறு உப்பிக்கொண்டது. பக்கவாட்டுக் குழாயில் வடிந்த தண்ணீர் கலங்கலாக, மோர் மாதிரி வந்தது. டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஓட்டை விழுந்தபோதே உள்ளே அழுக்குச் சிந்தியிருந்தது, அதில் வைத்த சீழ்தான் வருகிறது என்று நினைக்கிறேன், ஊசி மாற்றிப் பார்க்கலாம், மறுபடியும் வயிற்றைத் திறக்கிற நிலைமையில் இவன் உடம்பு இல்லை என்றார். வாயில் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். ரங்கம்மாள் முந்திக்கொண்டு, "தண்ணியத் தவுர ஒண்ணும் இல்ல சாமி" என்றாள்.

அன்றைக்குக் காலைதான் ஏசுதாஸின் கட்டில் காலியாகியிருந்தது. முதல்நாள் கேட்காமல் அவன் அம்மா இட்லி கொடுத்ததைப் பார்த்துவிட்டு டாக்டர் போட்ட சத்தத்தில் வார்டே ஆடிப்போனது. அவனுக்குத் தையல் பிரித்து வீட்டுக்குப் போகும் நாள்தான் அது. ஆனால் அது பாஞ்சாலைக்கும் ரங்கம்மாளுக்கும் தெரியாது. இட்லி கொடுத்ததற்காகத் துரத்திவிட்டார்கள் என்றே நம்பினார்கள்.

மத்தியானம் சகாயமேரி கட்டுப் பிரிக்க வந்தாள். குழாயைச் சுற்றிப் பஞ்சும் துணியும் நனைந்து கிடந்தன. எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுப் புதுத் துணி எடுக்கத் திரும்பினாள். பாஞ்சாலை அந்தத் தட்டைப் பார்த்தாள். துணியில் சின்னதாய் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த ரத்தம் என்று நினைத்தாள். மனசு கேட்கவில்லை. விரலால் தொட்டு எடுத்து நசுக்கினாள். நசுங்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் அது சீரகம் என்று தெரிந்தது.

வாயில் ஊற்றினது வயிற்றுக் குழாயில் வருகிறது. நடுவில் தையல் இல்லை. அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீரகத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் ரங்கம்மாளிடம் காட்டினாள். ரங்கம்மாளுக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள் வாய் பாஞ்சாலை வாய் மாதிரி இல்லையே.

"வாயத் தொறக்காத. நம்ம குடுத்தது தெரிஞ்சிதுனா அந்த வெம்பாக்கத்தான மாரி இவனையும் கட்டில உட்டு எறக்கிடுவாங்க. இந்த மழையில எங்க இஸ்துகினு போவ? ஊசி மாத்திக்கீறாரு இல்ல, கேக்கும். படவேட்டம்மாளுக்குக் காசு முடிஞ்சி வெச்சிக்கீறேன், அவ பாத்துப்பா."

"சீழுன்னு நெனச்சிகினு கீறாரு அண்ணி. சீழு இல்லன்னு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"தெரிஞ்சி? ஊருக்குப் போனா ஒன்ன இன்னா சொல்லுவாங்கன்னு நெனச்சுப் பாத்தியா? புருஷன கஞ்சி ஊத்திக் கொன்னவள்னு சொல்லுவாங்க. நான் சொல்லமாட்டேன். ஊரு சொல்லும்."

நான் சொல்லமாட்டேன் என்று ரங்கம்மாள் சொன்னதுதான் பாஞ்சாலைக்கு அதிகப் பயமாக இருந்ததாம். முதலில் சொல்லப்போவதே அவள்தான் என்று அவளுக்குத் தெரியும். பயத்தில் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தருமன் முனகுகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்துவிட்டாள்.

டாக்டர் சாப்பாட்டுக்குக் கிளம்பி ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்த வண்டி கிளம்பவில்லை.  பாஞ்சாலை மழையிலேயே ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், தையலு பிரிஞ்சிபோச்சி."

"யாரும்மா சொன்னது?"

உள்ளங்கையை நீட்டினாள். "சீரகம் சார். கஞ்சியில போட்டது. நாந்தான் குடுத்தேன். இப்போ வயித்துக் குழாயில வந்துகினு கீது."

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எப்போது கொடுத்தாய், எவ்வளவு கொடுத்தாய், கடைசியாக எப்போது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள்.  வண்டியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நடந்தார். பாஞ்சாலை பின்னாலேயே ஓடினாள்.

"கட்டில உட்டு எறக்கிடாதீங்க சார். ஒங்க கால்ல உழறேன்."

"எறக்காம எப்பிடிம்மா தியேட்டருக்குக் கொண்டுபோறது?" என்றார். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று திரும்பி, "ஒன்ன அப்பறமா திட்றேன். இப்போ நேரமில்ல" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெளியே வந்தார். சட்டை முதுகெல்லாம் வேர்வை. பெஞ்சில் உட்கார்ந்து, சொன்ன மாதிரியே திட்டினார். நன்றாகத் திட்டினார். பாஞ்சாலை கை கட்டிக்கொண்டு நின்று வாங்கிக்கொண்டாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்பது அந்தத் திட்டிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் ஒவ்வொரு வார்த்தையும் நன்றாக இருந்தது என்றாள். திட்டி முடித்துவிட்டு, எதற்குத்தான் கொடுத்தாய் என்று கேட்டார். அவள் பட்டையும் பாவையும் கஞ்சியையும் சொன்னாள். 

"பட்டுன்னு நான் சொன்னது தப்பாப் போச்சா" என்றார். கோபம் போய்விட்டிருந்தது. "இங்க பாரும்மா. நூலு சும்மா புடிச்சிகினு நிக்கறதுக்குத்தான். ஒட்டறது சதைதான் ஒட்டணும். காச்சல்ல குடலு நனஞ்ச காயிதம் மாரி கெடக்குது, ஊசி போட்ட எடமே கிழியுது. அதனால இந்த வாட்டி வேற ஒண்ணு செஞ்சிருக்கேன். குடலுக்கு முன்னால கொழுப்புல ஒரு திர தொங்கும், எல்லாருக்கும் உண்டு. அத்த இஸ்தாந்து தையலச் சுத்திப் போத்தி, அங்கங்க முடிச்சி போட்டு வெச்சிருக்கேன். அதுல ரத்தம் ஓடுது. எங்கனா கசிஞ்சாலும் அது போயி ஒட்டிக்கினு அடைச்சிரும்."

"மொதல்லயே ஏன் போத்தல சாமி?" என்றாள் ரங்கம்மாள்.

எனக்கு அந்த இடத்தில் அவளை மெச்சத்தான் தோன்றுகிறது. டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தையலு நல்லா நிக்கிற மாரி இருந்துச்சி. தேவயில்லன்னு நெனச்சேன்" என்றார்.

"இது நிக்குமா சார்?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

"நிக்கணும். நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அப்புறம் காத்திருந்தார்கள். மழை விட்டும் விடாமலும் பெய்தது. நான் வாரம் இரண்டு தரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். பாஞ்சாலை தூணோரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். தலை வாரியிருக்கமாட்டாள், கொண்டுபோன சோற்றை இரண்டு வாய்க்கு மேல் தின்னமாட்டாள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் பழைய துணியைத் தனக்குக் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று சகாயமேரியிடம் கேட்டிருந்தாள். முதல்நாள் முறைத்த அந்தப் பொண்ணு, மறுநாளிலிருந்து தானே தட்டைக் கொண்டுவந்து நீட்டும். இவள் குனிந்து உற்றுப் பார்ப்பாள், முகர்ந்தும் பார்ப்பாள். ரங்கம்மாள் வராந்தாவின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், இவளோடு பேச்சில்லை. நடுவில் தூணும் ஈரமும்தான். அந்த நாட்களில் அவர்களுக்கு எத்தனை வயது கூடிற்றோ தெரியாது. எனக்கே தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

குழாயில் வடிகிற தண்ணீர் குறைந்தது. தெளிந்தது. நின்றது. டாக்டர் குழாயை உருவினார். தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், இளநீர் கொடுத்துப் பார்த்தார், கடைசியில் கஞ்சி கொடுக்கலாம் என்றார். அதைச் சகாயமேரிதான் ஊட்டினாள். பாஞ்சாலை வெளியே போய் நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குக் காரோடு நானும் போயிருந்தேன். தருமன் பாதியாக இளைத்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் பிடித்துக்கொண்டு நடந்தான். அவனைக் காரில் உட்காரவைத்த பிறகு பாஞ்சாலை டாக்டரிடம் திரும்பிப் போனாள். நான் மருந்துச் சீட்டுக்காகப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"சார், ஒண்ணு கேக்கணும். நான் ஊத்துன கஞ்சியாலதான் தையலு பிரிஞ்சிதா?"

திட்டாவது கிடைக்கும், இல்லை விடும்மா என்று ஓர் ஆறுதலாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. சிங்கராயர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"தெரியாதும்மா. ஒரு சொட்டும் குடிக்காதவங்களுக்கே பிரிஞ்சிருக்கு. திருட்டுத்தனமா தின்னவங்களுக்கு நின்னும் இருக்கு. ஒன் கஞ்சியால பிரிஞ்சிருக்கலாம். அதுக்கு முன்னாலயே பிரிஞ்சி, கஞ்சி வெளிய காட்டிக் குடுத்திருக்கலாம். எனுக்கு நெஜமாவே தெரியாது."

 வழி நெடுகக் காரில் ரங்கம்மாள்தான் பேசினாள்.

ஊர் வந்து சேர்ந்தபோது அந்தப் பேச்சுக்கு ஓர் உருவம் வந்துவிட்டது. கஞ்சி குடுத்ததாலதான் கசிவைக் கண்டுபிடித்தார்கள் என்று முதலில் சொன்னாள். அது பொய்யில்லை. பொங்கலுக்குள் அது சுருங்கி, கஞ்சி குடுத்ததாலதான் தம்பி பொழச்சான் என்று ஆகிவிட்டது. அடுத்த வருஷம் எந்த அரிசி, எத்தனை கொதி, சீரகத்தை வறுத்துத் தட்டுவதா பச்சையாகத் தட்டுவதா என்றெல்லாம் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சில்லாமல் இருந்தவள் பாஞ்சாலையோடு மறுபடியும் பேசினாள், "எங்க பாஞ்சால ஊத்துன கஞ்சி" என்று பெருமையாகவே சொன்னாள். தருமனுக்கும் அந்தக் கதை பிடித்துப்போனது. மரம் வயிற்றில் படாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டு முன்னைப்போல் பாதிதான் நெய்வான், மீதி நேரம் வருகிறவர் போகிறவரிடம் தழும்பைக் காட்டிக் கதை சொல்லுவான். பாஞ்சாலை எதையும் மறுக்கவில்லை. புருஷனைக் கொன்றவள் என்று பேர் வாங்க இருந்தவள், காப்பாற்றியவள் என்று பேர் வாங்கினால் யார்தான் போய் மறுப்பார்கள்? நானும் கம்மென்றுதான் இருந்தேன்.

எண்பதாம் வருஷம் மாசியில் எங்கள் தெருக் கந்தசாமிக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே மாதிரி வெட்டித் தையல். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவன் பெண்சாதி அம்மணி பிள்ளைகளைப் பார்க்க ஊருக்கு வந்தவள், காலையில் காலித் தூக்கோடு தருமன் வீட்டுக்கு வந்தாள்.

தெரு முழுக்கப் பாவு. தருமன் ஒரு கோடியில் பாவை விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தான். பாஞ்சாலை முழங்கை வரைக்கும் கஞ்சியோடு நடுவில் நின்று தடவிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு வேலையாக அங்கேதான் இருந்தோம்.

"மூக்குக் கொழாய எடுத்துட்டாங்க அக்கா. நீ மாமாவுக்குக் காச்சுன மாரியே எனுக்குக் கொஞ்சம் காச்சிக் குடு. ஒங்கையால குடு, ஒங்கை ராசியான கை" என்றாள் அம்மணி.

ரங்கம்மாள் அதற்குள் தூக்கை வாங்கிவிட்டாள். புது அரிசி உள்ளே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.

"அண்ணி, அத்த அங்க வெச்சிடுங்க" என்றாள் பாஞ்சாலை.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் நாத்தனாரை அப்படி நிறுத்தி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பாவிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மணி, இவுங்க சொல்றதெல்லாம் கேக்காத. எம்புருஷனுக்கு நான் கஞ்சி ஊத்தனேன், தையலு பிரிஞ்சிபோச்சி. அதுதான் நடந்துது. ரெண்டாவது வாட்டி வயித்தக் கிழிச்சி, டாக்டரு எதையோ இஸ்துப் போத்தி தெச்சாரு, இவுரு பொழச்சாரு. நான் ஒண்ணும் காப்பாத்தல. ஊருல நல்ல பேரு சொன்னாங்கன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

"இன்னாடி சொல்ற" என்றாள் ரங்கம்மாள். 

"அப்போ கஞ்சியாலதான் பிரிஞ்சிதா அக்கா?" என்று அம்மணி கேட்டாள்.

"டாக்டருக்கே தெரியல. எனுக்கும் தெரியல. தெரியாத ஒண்ண ஒம்புருஷன் வாயில ஊத்தாதமே."

 எல்லோரும் தருமனைப் பார்த்தோம். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தழும்பைக் காட்டிச் சொன்ன கதை போய்விட்டது. ஆனால் கையிலிருந்த பாவை விடவில்லை. விட்டால் அத்தனை இழையும் சிக்கிக்கொள்ளும்.

"குடிச்சது நானு" என்றான் கடைசியில். "நல்லாத்தான் இருந்துச்சி குடிக்கறப்போ. அவ சொல்றதக் கேளு அம்மணி." பாஞ்சாலையைப் பார்க்காமலே சொன்னான், "நீயும் கூடப் போமே. இந்தப் பொண்ணு தனியா இருந்தா எவனா வந்து எதையானா ஊத்தச் சொல்லுவான். பாவ நாங்க பாத்துக்கறோம்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு, மாற்றுப் புடவை ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அம்மணியோடு வேலூர் பஸ்ஸுக்கு நடந்தாள். ரங்கம்மாள் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி வந்து, காய்ந்துகொண்டிருந்த பாவுக்குக் கஞ்சி போட ஆரம்பித்தாள்.

கந்தசாமி எழுந்து உட்கார்கிற வரைக்கும் பாஞ்சாலை அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. பார்க்க வருகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தாளாம். அம்மணி முந்தானையைக்கூடச் சோதித்தாளாம். தெருவில் அதற்குள் அவள் பேர் கெட்டுப்போயிருந்தது. புருஷனைக் கொல்லப் பார்த்தவள், இத்தனை நாள் மூடி மறைத்தவள் என்று நாங்கள் பேசாத பேச்சில்லை. அவள் திரும்பி வந்து மறுநாளே தெருவில் பாவுக்கு நின்றாள். பேசுகிறவர்களுக்கு எதிரிலேயே நின்றாள்.

கந்தசாமிக்குத் தையல் நின்றது. பிழைத்து வந்துவிட்டான். கஞ்சி கொடுக்காததால்தான் நின்றதா என்று சிங்கராயரைக் கேட்டிருந்தால், அதற்கும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். பாஞ்சாலை கேட்கவில்லை.